இடப்பக்கச் சுவர்

கரும்புக்குத் தீ வைக்கிற மாதம் வந்துவிட்டால் மாஸோண்டிக்கு மாவு பிசைவது பெரும்பாடு. டர்பனுக்குத் தெற்கே, உம்ஸிண்டோ ஊருக்கு மேலே எங்கள் மேட்டில் ஜூலை என்றால் குளிர், குளிரோடு கரி. எரிந்த தோகையின் சாம்பல் காற்றில் மிதந்து வந்து மூடி வைத்த பேசினுக்குள்ளும் எப்படியோ இறங்கிவிடும். அவள் மாவின் மேல் துண்டைப் போர்த்தி, துண்டின் மேல் தகரத்தைக் கவிழ்த்து, தகரத்தின் மேல் கல்லும் வைப்பாள். பத்துக் கிலோ மைதா. விடியுமுன் ஈஸ்ட் போட்டுப் பிசைந்தால் ஆறு மணிக்கு உப்பி நிற்கும். கையை எண்ணெயில் நனைத்து உருண்டை உருண்டையாகக் கிள்ளிச் சட்டியில் போட வேண்டியதுதான், அதுவே புரண்டு சிவக்கும். அதற்குப் பெயர் க்வின்யா. சர்க்கரை மில்லுக்குப் போகிறவன், வேன் டிரைவர், பள்ளிக்கூடப் பிள்ளை, எல்லாருக்கும் அதுதான் காலைப் பசி தீர்ப்பது.

வேன் நிறுத்தத்தில் அவள் கடை. கடை என்றால் நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும். க்வின்யா வாங்க வருகிறவர்கள் சும்மா வருவதில்லை, வாயையும் கொண்டு வருவார்கள்.

"மாஸோண்டி, உன் மக ஸிமாங்கெலேயை நேத்து தண்ணிக் குழாய்ல பாத்தேன். அடையாளமே தெரியல. பாவாடை இடுப்புல நிக்கல."

"பரீட்சைக்குப் படிக்கிறா."

"படிச்சா கண்ணு உள்ள போகும். இடுப்புமா உள்ள போகும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தி மட்டும் பக்கத்திலிருந்தவளுக்கு மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். அந்த மூன்று விரலுக்கு எங்கள் பக்கத்தில் விளக்கம் வேண்டாம். அந்தச் சீக்கைப் பெயர் சொல்லிச் சொல்ல மாட்டோம், இங்கிலீஷில் மூன்று எழுத்து என்போம். அதையும் விரலால்தான் சொல்வோம். ஒரு காலத்தில் இந்த மேட்டில் சனிக்கிழமை தவறாமல் குழி வெட்டியிருக்கிறோம். புதைத்தவர்கள் எல்லாரும் இளைத்துப் போய்தான் செத்தார்கள். அதனால் சதை போட்டவனைப் பார்த்தால் எங்களுக்கு நிம்மதி; இளைத்தவனைப் பார்த்தால் மண்வெட்டி ஞாபகம் வரும். தினமும் மாத்திரை போடுகிறவள் என்று வேறு தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஸிமாவுக்குப் பதினாறு வயது. தினமும் மாத்திரை போடுகிறவள்தான். ஆனால் அது வேறு மாத்திரை.

போன செப்டம்பரில் அவள் நூற்றுப் பதினெட்டுக் கிலோ. காலையில் கடைக்குத் துணையாக வருவாள். வந்தால் சட்டியிலிருந்து எடுத்த சூட்டில் ஏழு எட்டு உள்ளே போகும். "என் கடை நல்லாயிருக்குன்னு என் மகளைப் பாத்தா தெரியும்" என்று மாஸோண்டியே பெருமை பேசியிருக்கிறாள். ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடேறி வந்த பிள்ளை தார்ப்பாய்க்குள் நுழைந்ததும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்துப் போயிற்று. அப்போது க்வின்யா வாங்க நின்றவள் யூனிஸ். கிளினிக்கிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை அவளுக்கு. தோள் பையிலிருந்து பிரஷர் மெஷினை எடுத்து, கடைக்குப் பின்னால் கூட்டிப்போய், யாரும் பார்க்காமல் பிள்ளையின் கையில் பட்டையைக் கட்டினாள். யாரும் பார்க்காமல் கட்டினதற்குக் காரணம் இருந்தது.

அங்கிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து டர்பனில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் பெண், ஸிமாவின் நெஞ்சில் பசை தடவி, திரையில் படம் காட்டினாள்.

"இந்த இடப்பக்கத்து அறைதான்மா உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுது. உடம்பு பெருத்துப் போச்சு, பிரஷரும் ஏறிப் போச்சு. அதுவும் பாவம் தம் கட்டித் தள்ளித் தள்ளி, சுவர் தடிச்சிருக்கு."

"கரும்பு வெட்டுறவன் கை தடிக்கிற மாதிரியா?"

"அதே மாதிரி. ஆனா கை தடிச்சா பலம். இதயச் சுவர் தடிச்சா விரிய மாட்டேங்கும். விரியலன்னா ரத்தம் நிறையாது. இப்படியே விட்டா ஒருநாள் திடீர்னு ஏதாவது ஆகலாம்."

மாஸோண்டி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். டாக்டர் பெண் அவள் கையைப் பிடித்தாள். "பயப்படாதீங்க. வயசானவங்களுக்குத்தான் இது லேசுல திரும்பாது. இவ சின்னப் பிள்ளை. எடை குறையட்டும், உப்பு குறையட்டும், மாத்திரை விடாம போடட்டும். சுவர் மெலிஞ்சு வர்றதை நான் கண்ணால பாத்திருக்கேன்."

பத்து மாதத்தில் ஸிமா பத்தொன்பது கிலோ குறைந்தாள். வேனை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். முதல் மாதம் அழுதுகொண்டே நடந்தாள். வீட்டில் கீரையும் பயறும் வெந்தது; கலர் பாட்டில் வருவது நின்றது. க்வின்யா கடைக்காரி வீட்டில் க்வின்யா இல்லை. ஏப்ரலில் எடுத்த இரண்டாவது படத்தில் பதினாலு மில்லிமீட்டர் சுவர் பன்னிரண்டாக இறங்கியிருந்தது. "ரெண்டு மில்லிமீட்டர்" என்று மாஸோண்டி பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் விரல் இடுக்கில் அளந்து பார்த்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு சின்ன இடைவெளியில் அவ்வளவு சந்தோஷம் அடங்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஆனால் அதை வெளியே சொல்லவில்லை. இதயக் கோளாறு என்று தெரிந்தால் நாளைக்குப் பெண் கேட்டுப் பரிச மாடு ஓட்டிக்கொண்டு யார் வருவான்? "பரீட்சை" என்றாள். ஊர் தன் பங்குக்கு மூன்று விரலைத் தூக்கிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மூன்று விரல் கதை கடைசியில் அகஸ்டாவின் காதுக்குப் போயிற்று.

அகஸ்டா, மாஸோண்டியின் புருஷன் முஸிக்கு அக்கா. ஷேஸி வம்சத்தில் இப்போது இருப்பவர்களில் மூத்தவள். அடுத்த வளவில் தனியாக இருக்கிறாள். நல்ல ஆகிருதி, நல்ல குரல். கோயிலில் அவள் பாட எழுந்தால் பாதிரியார் உட்கார்ந்துவிடுவார். அவளுக்கு ஒரே பிள்ளை, பெகி. ஆறு வருஷத்துக்கு முன்னால் பத்தொன்பது வயதில் பந்து விளையாடுகிற இடத்தில் கோல் கம்பத்துப் பக்கத்தில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. நூற்று நாற்பது கிலோ இருப்பான். 'பெரிய தலைவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் சாகிறதுக்கு மூன்று வாரம் முன்னால் யூனிஸ் அவன் கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். அது போதாதா? "என் பிள்ளை ரத்தத்தை எண்ணிப் பாத்துட்டுப் போனா, மூணே வாரத்துல ஆளைத் தின்னுட்டா, சூனியக்காரி" என்று அகஸ்டா சவக்குழி ஓரத்திலேயே சொல்லிவிட்டாள். அன்றைக்கு யூனிஸுக்கு அடைபட்ட வாசல்கள் பாதி இன்னும் திறக்கவில்லை. அவள் கோழிகளை யாரோ கழுத்தறுத்துப் போட்டார்கள். கோயில் பெஞ்சில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அவளும் தோள்பையை மாட்டிக்கொண்டு நடப்பதை விடவில்லை.

"வர்ற லீவுல பிள்ளைக்கு உமெமுலோ வைக்கிறோம்" என்றாள் அகஸ்டா. பெண் ஆளாகி, ஒழுங்காக வளர்ந்து நிற்கிறாள் என்று ஊரைக் கூட்டிக் காட்டுகிற சடங்கு அது.

"மதினி, அதுக்கு இருபத்தொரு வயசாவது ஆகட்டுமேன்னு எல்லாரும் காத்திருப்பாங்களே. இவளுக்குப் பதினாறுதான ஆகுது."

"ஊர் வாய் இருபத்தொண்ணு வரைக்கும் காத்திருக்குமாடி? ஏழு நாள் குடிசைக்குள்ள வைப்போம். நான் பாத்துக்கிறேன். எட்டாம் நாள் பளபளன்னு உருண்டையா வெளிய வந்து ஈட்டி குத்தட்டும். அப்புறம் எவ விரலைத் தூக்குறான்னு பாக்கிறேன். மாடு என் தொழுவத்திலிருந்து வருது."

முஸி மில் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அக்கா சொன்னா சரிதான்" என்றான். அவன் பிறந்ததிலிருந்து சொல்கிற வாக்கியம் அது.

மாஸோண்டி மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அந்த விரல்கள் மடங்க வேண்டும் என்று அவளுக்கும் வெறியாக இருந்தது. சடங்கு சனிக்கிழமை, அதற்கடுத்த திங்கட்கிழமை டர்பனில் மூன்றாவது படம். ஏழே நாள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாத்திரை டப்பாவை அகஸ்டாவின் கையில் கொடுத்து, "காலையில ஒண்ணு மதினி, மறக்கக் கூடாது. நெஞ்சுச் சுவர் தடிச்சிருக்கு, அதுக்கு. இளைச்சாத்தான் மெலியும். உப்பு ஆகாது, கொழுப்பு ஆகாது" என்று மூன்று தடவை சொன்னாள். அகஸ்டா டப்பாவை வாங்கி மார்புக்குள் செருகிக்கொண்டு, "எனக்குத் தெரியாதா?" என்றாள்.

ஸிமாவும் அவளோடு நாலு தோழிகளும் அகஸ்டாவின் வளவில் இருக்கிற வட்டக் குடிசைக்குள் போனார்கள். உடம்பெல்லாம் செம்மண் பூசிக்கொண்டு, வெயில் படாமல், வேலை இல்லாமல், தின்று உறங்கிப் பாட வேண்டும். அத்தைதான் காவல். பெற்றவள் எட்டிப் பார்க்கக் கூடாது. மாஸோண்டி உப்பில்லாமல் பயறும் கீரையும் வேகவைத்துக் கொடுத்தனுப்பினாள். பாத்திரம் போன கனத்திலேயே திரும்பி வந்தது. பக்கத்து வளவில் அகஸ்டாவின் அடுப்பு அணையவே இல்லை. ஆட்டு வால், குடல் கறி, ஆவியில் வெந்த ரொட்டி, சூப்புப் பொடி கொட்டிய குழம்பு. மூன்றாம் நாள் அந்த வாசனை சுவரைத் தாண்டி வந்தபோது மாஸோண்டி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். சமையல் என்னவோ பிரமாதம்தான். அகஸ்டா கைக்குக் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் ஆனால் குடிசைக்குள்ளிருந்து பாட்டு வரும். ஒருத்தி முன்னெடுத்துப் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். முன்னெடுப்பது ஸிமா. அத்தையின் குரல் அவளுக்கு. மாஸோண்டி மறுநாளைக்கு விறகு பிளந்துகொண்டே கேட்பாள். அந்தக் குரல்தான் அவளுக்குத் தெரிந்த ஒரே சேதி.

ஐந்தாம் நாள், புதன்கிழமை, பாட்டு தொடங்கியது. முன்னெடுத்தது வேறு குரல்.

கோடாலியைப் போட்டுவிட்டு மாஸோண்டி குடிசையின் பின்சுவருக்கு ஓடினாள். மண்ணில் கன்னத்தை வைத்து, "ஸிமா" என்றாள். பாட்டு நிற்கக் காத்திருந்து மறுபடி கூப்பிட்டாள்.

"ம்மா." குரல் தரையிலிருந்து வந்தது, படுத்திருக்கிறாள். "தலை வெடிக்குதும்மா. ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன்."

"மாத்திரை போட்டியா?"

"அத்தை குடுக்கல."

"இன்னைக்கா?"

"உள்ள வந்ததிலிருந்தே குடுக்கல. கேட்டா, பேசாம இருன்னு கண்ணைக் காட்டுறாங்க."

மாஸோண்டி சுவரை விட்டு எழுந்தாள். புருஷனிடம் போகவில்லை. போனால் 'அக்கா' என்று ஆரம்பிப்பான். தலைத்துண்டு கூட இல்லாமல் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கிற யூனிஸ் வீட்டுக்கு இறங்கி ஓடினாள். இரண்டு பேரும் சேர்ந்து மேடேறி வந்ததை வழியெல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள். யூனிஸுக்கு அது பழக்கம். மாஸோண்டிக்கு அன்றைக்குத்தான் அந்தப் பார்வை எப்படிச் சுடும் என்று தெரிந்தது.

குடிசை வாசலில் பாய் போட்டு அகஸ்டா உட்கார்ந்திருந்தாள். மடியில் கறித் தட்டு.

"நில்லுடி அங்கயே. தாய் வரக் கூடாது. அதுவும் இவளைக் கூட்டிக்கிட்டா வர்ற? யாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்னு தெரியுதா உனக்கு?"

"மாத்திரை எங்க மதினி?"

அகஸ்டா சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "மெதுவாப் பேசு. உள்ள நாலு வீட்டுப் பிள்ளைங்க இருக்கு. அதுங்க கண்ணுல அந்த மாத்திரை பட்டா நாளைக்கு நாலு வீட்டுக்குப் போகும். நான் உன் மானத்தைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன், நீ வாசல்ல வந்து கத்துற."

"என்ன மானம்? அது பிரஷர் மாத்திரை மதினி! நெஞ்சுக்கு! நான் மூணு தடவை சொன்னேனே!"

"எல்லாரும் அப்படித்தாண்டி சொல்றாங்க. ஒருத்தி ஈரல்ங்கிறா, ஒருத்தி சளிங்கிறா. என்கிட்டயுமா ஒளிக்கணும்?" அகஸ்டாவின் கண் கலங்கியிருந்தது. "பிள்ளைக்கு அந்தச் சீக்குன்னு தெரிஞ்சும் நான் அருவருத்தேனா? அஞ்சு நாளா ஒரே தட்டுல அவளோட உக்காந்து தின்னேன். தின்னா தேறிடுவா. தின்னவ யாரும் சாகல, எனக்குத் தெரிஞ்சு."

மாஸோண்டி ஓர் அடி முன்னால் வைத்தாள். இவளைக் கட்டிக்கொண்டு அழுவதா, கன்னத்தில் அறைவதா? இரண்டும் செய்ய முடியாது, புருஷனுக்கு அக்கா.

அதற்குள் வாசல் துணியை விலக்கிக்கொண்டு ஸிமா தவழ்ந்து வந்தாள். செம்மண் பூச்சுக்கு அடியில் முகம் உப்பியிருந்தது. வெளிச்சம் கூசி ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு அத்தையின் பாயிலேயே சரிந்தாள். யூனிஸ் யாரையும் கேட்கவில்லை. மண்டியிட்டுப் பையைத் திறந்தாள்.

"தொடாத!" அகஸ்டா எழுந்தாள். கறித் தட்டு உருண்டது. "அந்தக் கை பிள்ளை மேல படக் கூடாது! பெகிக்குக் கட்டின அதே சனியன்!"

எழுந்தவளுக்கு நேரே மாஸோண்டி போய் நின்றாள். நாத்தனாரின் இரண்டு தோளையும் பிடித்துத் தடுத்தாள். இருபது வருஷத்தில் அவள் மேல் கைவைத்தது அதுதான் முதல் தடவை. "என்னைத் தள்ளிட்டு வேணா போங்க" என்றாள். அகஸ்டா நினைத்திருந்தால் ஒரு கையால் தள்ளியிருப்பாள். தள்ளவில்லை. மெஷின் உறுமிப் பட்டை உப்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நூத்தி அறுபத்திரண்டு. கீழ நூத்தி நாலு" என்றாள் யூனிஸ். "அக்கா, மாத்திரையை எடுங்க."

அகஸ்டா மார்புக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து யாரையும் பார்க்காமல் நீட்டினாள். ஸிமா தண்ணீரோடு முழுங்கினாள்.

"வண்டி சொல்லி வச்சிடு மாஸோண்டி. வாந்தி மறுபடி வந்தாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. இல்லாட்டி ஒரு ஒண்ணரை மணி நேரம் பாப்போம். இறங்கலன்னா குடிசையும் கிடையாது, மாடும் கிடையாது."

மூன்று பெண்களும் பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கரும்பு எரிகிற வெளிச்சம் எதிர் மேட்டில் சிவப்பாக ஏறியது. மாஸோண்டி மகளின் தலையை மடியில் வைத்து, மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு தாமதமானால் அவள் மூச்சும் நின்றது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் வேண்டாத சாமி இல்லை.

"ஆறு வருஷம் கழிச்சு என் வாசல்ல உக்காந்துட்ட" என்றாள் அகஸ்டா.

"பாய் மேல உக்காரல அக்கா, மண்ணுலதான் உக்காந்திருக்கேன்."

"நக்கலா?"

"இல்ல. அன்னைக்குப் பெகிக்குப் பாத்தப்ப பாய் போட்டீங்க. சாப்பாடும் போட்டீங்க, இதே ஆட்டு வால். உங்ககிட்ட நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

அகஸ்டா உருண்டு கிடந்த தட்டை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, எடையக் குறைக்கணும்னு சொன்னேன். 'என் பிள்ளை மலை மாதிரி இருக்கான், உன் கண்ணு பட்டுறப் போகுது, எந்திரிச்சுப் போ'ன்னு சிரிச்சீங்க. நானும் சிரிச்சிட்டு எந்திரிச்சுப் போனேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கணும். சொல்லல. கறி ருசியா இருந்துச்சு."

அகஸ்டா மாஸோண்டியின் பக்கம் திரும்பினாள். "அந்த நெஞ்சுச் சுவருன்னு சொன்னியே. இளைச்சா அது நெசமாவே மெலியுமா?"

"மெலிஞ்சிருக்கு மதினி. ரெண்டு மில்லிமீட்டர். நானே படத்துல பாத்தேன்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்னு சொல்ல முடியாதாம். சின்ன வயசுன்னா நல்லாவே திரும்புமாம்."

"பத்தொம்பது சின்ன வயசா?"

மாஸோண்டி குனிந்து மகளின் நெற்றியைத் துடைத்தாள். யூனிஸ் மெஷினைக் கையில் எடுத்து மறுபடி கீழே வைத்தாள்.

ஒன்றரை மணி நேரத்தில் நூற்று நாற்பத்தாறுக்கு இறங்கியது. மறுநாள் காலை ஸிமாவைத் தலையோடு போர்வையால் மூடிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். நர்ஸ் சத்தம் போட்டாள். பிறகு, மாத்திரை தவறாமல் போட்டு, சனிக்கிழமை காலை நூற்று நாற்பதுக்குள் இருந்தால் அளவாக ஆடட்டும் என்றாள். அகஸ்டா அன்றைக்கும் மறுநாளும் அடுப்பு மூட்டவில்லை. யாரோடும் பேசவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். சடங்கு நடக்குமா, நடந்தால் அவள் சபையில் எதையாவது கொளுத்திப் போடுவாளா என்று மாஸோண்டிக்கு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை தொழுவத்தைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. மாட்டை அறுக்குமுன் வீட்டு மூத்தவர் மூதாதையரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஆண்களில் மூத்தவன் முஸிதான். ஆனால் அவன் பேசினால் மூதாதையருக்கே தூக்கம் வந்துவிடும் என்பதால் ஷேஸி வீட்டில் அது அகஸ்டாவின் வேலை. கதவு திறந்தது. கோயில் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். மூலிகையைக் கொளுத்திப் புகையை எழுப்பிவிட்டு, தாத்தாவுக்குத் தாத்தாவிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். எல்லாப் பெயரும் முடிந்த பிறகு நிறுத்தி, ஒரு பெயரைச் சேர்த்தாள்.

"பெகி."

கூட்டம் நிமிர்ந்தது.

"பெகி, ஆறு வருஷமா இந்த இடத்துல நின்னு, உன்னைத் தின்னவளைக் காட்டிக் குடு, காட்டிக் குடுன்னு கேட்டேன். நீ வாயே திறக்கல. எப்படித் திறப்ப? பெத்தவளைப் பாத்து எப்படிச் சொல்லுவ?" குரல் உடையவில்லை, கோயிலில் பாடுகிற அதே குரல். "உன்னை யாரும் திங்கல ராசா. நான் ஊட்டினேன். தெரியாமதான் ஊட்டினேன். தெரிஞ்சவ ஒருத்தி வந்து சொன்னா, நான் கேக்கல. அவ பேரைத்தான் உன் குழியில போட்டு மூடினேன். இதையும் கேட்டுக்கோ. இங்க நிக்கிற உன் மாமன் மகளுக்கு மூணு விரல் சீக்கு எதுவும் இல்ல. எனக்குத் தெரிஞ்சு, உனக்கு வந்த அதேதான் அவளுக்கும். அவ இளைச்சது அதுக்குத்தான். அவளைக் கூப்பிட்டுக்காத. அவ்வளவுதான்."

விரல் தூக்கினவள் பாவாடை ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மாஸோண்டிக்கு அழுகை பொங்கியது, கூடவே வெட்கமும். பத்து மாதமாகப் 'பரீட்சை' என்று சொன்னவள் அவள். தான் சொல்லியிருக்க வேண்டியதை, சொல்ல அதிகம் வலிக்கிறவள் சொல்லிவிட்டாள்.

"யூனிஸ் எங்க?" என்றாள் அகஸ்டா.

யூனிஸ் தோள்பையோடு வேலிக்கு வெளியே ரோட்டில் நின்றிருந்தாள். "இங்க இருக்கேன் அக்கா. பிள்ளையை இங்க அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்."

"உள்ள வா."

"வரக் கூடாதுன்னு சொன்னது நீங்க. நீங்கதான் திறக்கணும்."

மாடு வெளியே ஓடாமலிருக்க, கூட்டம் வந்த பிறகு கேட்டைக் கம்பி போட்டு முறுக்கியிருந்தார்கள். முஸி ஓடினான். அகஸ்டா அவனைத் தள்ளிவிட்டுத் தானே போனாள். முறுக்கின கம்பி லேசில் விடவில்லை. விரலில் கீறி ரத்தம் வந்தது. அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருக்க அவள் மூச்சு வாங்க வாங்கப் பிரித்தாள்.

எல்லார் முன்னாலும் ஸிமா கையை நீட்டினாள். பட்டை உப்பியது. யூனிஸ் எண்ணை இரண்டு தடவை பார்த்தாள். "நூத்தி முப்பத்தொண்ணு. ஆடட்டும். மூச்சு வாங்கினா நான் கையைத் தூக்குவேன், உடனே நிறுத்தணும்."

உச்சி நேரத்தில் ஸிமா அலங்காரத்தோடு குடிசையிலிருந்து மறுபடி வெளியே வந்தாள். அறுத்த மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்த வெள்ளைக் கொழுப்பு வலை, கிழியாமல் முழுசாக அவள் தோளில் மேலாடையாகக் கிடந்தது. சுமக்க வேண்டிய கொழுப்பு அது ஒன்றுதான் என்று மாஸோண்டி நினைத்துக்கொண்டாள். கையில் ஈட்டி. தோழிகள் பாட, காலைத் தூக்கித் தரையில் அறைந்து ஆடினாள். மாஸோண்டி மகளின் காலைப் பார்க்கவில்லை, உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுக்கவில்லை. இரண்டாவது சுற்று வந்தாள். யூனிஸ் கையைத் தூக்கவில்லை. சுவர் என்ன ஆயிற்று என்று திங்கட்கிழமைதான் தெரியும். ஆனால் பிள்ளை நின்றுகொண்டிருக்கிறாள், ஓடுகிறாள், ஈட்டியை மண்ணில் குத்திவிட்டுச் சிரிக்கிறாள்.

கூட்டம் குலவையிட்டுக்கொண்டு முன்னால் பாய்ந்தது. வேலி ஓரத்தில் மூன்று பெண்கள் மட்டும் மிச்சம்.

"யூனிஸ்" என்றாள் அகஸ்டா, ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னைக்குப் பெகிக்கு எவ்வளவு காட்டுச்சு?"

"வேணாம் அக்கா."

"சொல்லு."

"இருநூத்திப் பத்து."

அகஸ்டா அந்த எண்ணை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"நீ எந்திரிச்சுப் போனதும் அவனுக்கு ரெண்டாவது தட்டு வச்சேன்" என்றாள்.